என் சம்பந்தி சாலையைக் கடந்த விதம்

என் சம்பந்தி தவழவே இல்லையாம். ஒரு நாள் தொட்டிலிலிருந்து தானாக இறங்கி, இடது வலது என்று கூடத்தைக் கடந்து, வாசலில் திரும்பி நின்று, எல்லாரும் பார்த்தார்களா என்று பார்த்தாராம். இதைச் சொன்னது அவரைப் பெற்றவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவரேதான் சொல்வார். கேட்கிறவர்கள் சிரிக்காமல் இருந்துவிட்டால் கைவீச்சையும் சேர்த்துக்கொள்வார். என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்த நாளிலிருந்து இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கூடம் ஓரடி நீண்டுகொண்டே வருகிறது.

ஊருக்கு அவர் டிரில் மாஸ்டர். ஆண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய விசிலைப் பற்றி நானும் என் பங்குக்குக் கொஞ்சம் பரப்பி வைத்திருக்கிறேன். ஒரு தடவை மைதானத்தில் அவர் ஊதிய ஊதலில், பக்கத்து ஆஸ்பத்திரியில் மயக்க ஊசி போட்டுக் கிடந்த ஒருவர் எழுந்து வந்து வரிசையில் நின்றுவிட்டார். நம்பாதவர்கள் ஆஸ்பத்திரியில் போய் விசாரித்துக்கொள்ளலாம். இந்த நகரத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிற ஆண்பிள்ளை யாரைப் பார்த்தாலும் அது அவர் மாணவன்தான். முதுகுவலி டாக்டர் வாசலில் காத்திருக்கிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

சம்பந்தியம்மா அவருக்கு நேர் எதிர். நிதானமான பெண்மணி, ஒரு காலை வைத்து, அது ஊன்றியதா என்று பார்த்துவிட்டு அடுத்த காலை எடுப்பவர். கல்யாணமான புதிதில் இருவரும் சினிமாவுக்குப் போனால், அவர் படம் பார்த்துவிட்டு வெளியே வரும் நேரத்துக்கு இவர் தியேட்டர் வாசலுக்கு வந்து சேர்வாராம். வாழ்நாள் முழுக்க அவர் முன்னால், இவர் அரைத் தெரு பின்னால்.

"அவர் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நல்லாத் தெரியும் சம்பந்தி. அதுல ஒரு மச்சம் புதுசா வந்தாலும் நான்தான் முதல்ல கண்டுபிடிப்பேன்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். 

ஓய்வு பெற்ற பிறகு மாஸ்டருக்கு விசில் ஊத ஆள் கிடைக்கவில்லை. பூங்காவில் காற்று வாங்க வந்தவர்களைப் பார்த்து ஊதிப் பார்த்தார். அவர்கள் பூங்காவை மாற்றிக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில்தான் நகரசபையின் முதியோர் நல வாரியத்தில் ஓர் இடம் காலியானது. அறுபது தாண்டிய தன்னார்வலர்கள் கூடி, முதியவர்களுக்கு என்ன தேவை என்று நகரசபைக்கு எடுத்துச் சொல்வதுதான் அந்த வாரியத்தின் வேலை. சம்பளம் கிடையாது. அதனால் பெருமை இரட்டிப்பு. மாஸ்டர் விண்ணப்பித்தார், சேர்த்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே தலைக்கு மை அடித்துக்கொண்டார்.

அந்த வாரியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாதம் ஒரு முறை நகரசபையின் கீழ்த்தளக் கூட்ட அறையில் கூடுவார்கள். முட்டை வடிவ மேஜை, ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். பாட்டில் மூடியை யாராலும் திருக முடியாது. திறந்து தரச் சொல்லவும் யாருக்கும் வாய் வராது. கூட்டம் முடிந்ததும் பாட்டில்கள் எல்லாம் நிறைந்தபடி அலமாரிக்குத் திரும்பிவிடும். இந்த வாரியத்துக்குத் தாகமே எடுக்காது என்று அங்கே கூட்டிப் பெருக்குகிற அம்மாள் வியந்துபோய் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அங்கே இருந்த யாரும் முதியவர் இல்லை. தலைவராக இருந்த பல் டாக்டர், வங்கி மேனேஜராக இருந்தவர், வானொலியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த செய்தியம்மா, எல்லாருமே முதியோரை "அவங்க" என்றுதான் சொல்வார்கள், ஏதோ அடுத்த நாட்டுக்காரர்களைப் போல.

"அவங்களுக்குக் காது சரியாக் கேக்காது, பாவம்" என்பார் பல் டாக்டர்.

"என்ன சொன்னீங்க?" என்பார் மேனேஜர்.

"அவங்களுக்கு ஞாபகமும் கம்மி."

"இதைப் போன கூட்டத்திலயே சொன்னீங்களே."

"சொன்னேனா?"

செய்தியம்மா இதையெல்லாம் குறித்துக்கொண்டு, முடிவில், எங்கோ வெள்ளம் வந்தது போன்ற குரலில் வாசிப்பார். அத்துடன் கலைவார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சம்பந்தியம்மாவுக்கு ஒரு தங்கை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோய், பெரிய சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். பேச்சு முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் இருக்கிற சொற்கள் எல்லாம் சண்டைக்கு உரியவை. அக்காவோடு சண்டை போட்டால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். "உப்பு" என்பாள். "உப்பு சரியாத்தான் இருக்கு, உன் நாக்குதான் சரியில்ல" என்பாள் அக்கா. "பொய்" என்பாள் தங்கை. ஒரு வாய் உள்ளே போகும். தாதிகள் அன்பாக ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வாள். அன்பு அவளுக்குச் செரிக்காது.

ஆகவே தினமும் மத்தியானம் சம்பந்தியம்மா சாப்பாட்டு கேரியரைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்க வேண்டும். ஆட்டோவில் போகலாமே என்பீர்கள். நடுவில் திட்டு கட்டியிருப்பதால், எதிர்ப்பக்கம் போக வண்டி ஊரையே சுற்ற வேண்டும். எதிரில் தெரிகிற கட்டடத்துக்கு ஊர்வலமா என்று ஓட்டுநர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சம் இருப்பது சிக்னல். அதில் பச்சை பொம்மை எரியும்போது கிளம்பினால், பாதிச் சாலையில் பொம்மை சிவந்துவிடும். சம்பந்தியம்மா நடுத்திட்டில் ஏறி, இரண்டு பக்கமும் பஸ் பறக்க, கேரியரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுத்த பச்சைக்கு நிற்பார்.

ஒரு நாள் புருஷனிடம் கேட்டார்.

"ஏங்க, அந்த வாரியத்துல என்னதான் பேசிக்கிறீங்க?"

"முதியோர் பிரச்சினை."

"எனக்கு ஒண்ணு இருக்கே."

"நீ எதுக்கு உன்னை முதியோர்ல சேர்த்துக்கிற?"

"பின்ன, பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்களோடயா சேத்துப்பேன்? அந்தப் பச்சை பொம்மையைக் கொஞ்ச நேரம் கூட நிக்கச் சொல்லுங்களேன். எனக்கு அது ஒண்ணு போதும்."

மாஸ்டர் இதை வாரியத்தில் எடுத்து வைத்தார். எடுத்து வைத்தார் என்பது வரைக்கும் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். தீர்மானம் நகரசபைக்குப் போயிற்று. போக்குவரத்துப் பொறியாளர் ஒருவர் வந்தார். இளம்பிள்ளை, பணிவானவன். "முதியவங்க கடக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு நேர்ல அளந்து பாத்துடலாம். நீங்களே நடந்து காட்டுங்க. வழக்கமா எப்படி நடப்பீங்களோ, அப்படியே" என்றான்.

அவன் தலை மறைந்ததும் மாஸ்டர் எழுந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை யாரும் பார்த்ததில்லையாம்.

"நாளைக் காலையிலிருந்து எல்லாரும் பூங்காவுக்கு வந்துடுங்க. பயிற்சி."

"எதுக்குப் பயிற்சி?" என்றார் மேனேஜர்.

"நகரசபையிலிருந்து ஆள் வந்து அளக்கப் போறான். கிழடுங்க தள்ளாடிட்டு வருதுன்னு எழுதிட்டுப் போகணுமா?"

செய்தியம்மா மட்டும் மெல்லக் கேட்டார்: "மெதுவா நடந்தாத்தானே மாஸ்டர் நேரம் போதலைன்னு அவருக்குத் தெரியும்?"

அறையே அவரைத் திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் பொறுமையாக விளக்கினார். "மெதுவா நடக்கிறவங்க வேற, நாம வேற. நாம அவங்க பிரதிநிதிங்க. பிரதிநிதியே தளந்து நடந்தா அவங்களுக்கு என்ன மரியாதை?"

செய்தியம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாள் புது ஷூ வாங்கிக்கொண்டார். அடப்பாவிகளா என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லை.

அந்த வாரம் முழுக்கப் பூங்காவில் விசில் சத்தம். முழங்காலை மார்புவரை தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். திரும்பச் சொன்னார். திரும்பினார்கள், ஆளுக்கொரு திசையில். சம்பந்தியம்மா அளக்கிற நாளன்று தானும் வந்து நடப்பதாகச் சொன்னபோது, "நீ வராதே. நீ வந்தா எங்க சராசரி கெட்டுடும்" என்று வீட்டிலேயே நிறுத்திவிட்டார்.

அளக்கிற நாள் வந்தது. பச்சை எரிந்தது. பொறியாளன் கையிலிருந்த கடிகாரத்தை அழுத்தினான். அதற்குள் முதியோர் நல வாரியம் அக்கரையில் நின்று அவனைப் பார்த்துக் கையசைத்தது. அவர்கள் போன வேகத்தில் பக்கத்துக் கடையின் பத்திரிகைகள் எல்லாம் பறந்து வேறு கடையில் போய் இறங்கின. மேனேஜர் நிற்க முடியாமல் எதிர்ப்பக்கக் கடைக்குள் புகுந்து, வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு ஒரு குடை வாங்கிக்கொண்டு வந்தார். பச்சை பொம்மை மட்டும் வெறும் சாலையைப் பார்த்து அனாதையாக நடந்துகொண்டிருந்தது.

"ஆச்சரியமா இருக்கு சார்" என்றான் பொறியாளன்.

"இது எங்க சாதாரண நடை தம்பி" என்றார் மாஸ்டர்.

பத்திரிகையில் படம் வந்தது. மாஸ்டர் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். படம் மாட்டிய ஆணியின் சூடு ஆறுவதற்குள் சிக்னலை மாற்றிவிட்டார்கள். முதியவர்களே இவ்வளவு சீக்கிரம் கடந்துவிடும்போது வண்டிகள் எதற்கு வீணாகக் காத்திருக்க வேண்டும்? பச்சையைக் குறைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. அளந்ததைத்தானே அவன் நம்புவான்?

அன்று மத்தியானம் சம்பந்தியம்மா வழக்கம்போல ஒரு காலை வைத்து, ஊன்றியதா என்று பார்த்தார். நிமிர்ந்தபோது பொம்மை சிவப்பு. ஒரு லாரி அலறியது. நடுத்திட்டு கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்கு எட்டவில்லை. திரும்பினார். அடுத்த பச்சைக்கும் அப்படியே. கேரியர் கனம் குறையாமல் வீட்டுக்கு வந்தது. சாயங்காலம் இல்லத்திலிருந்து போன்: உங்க தங்கச்சி வாயைத் திறக்கவில்லை.

"இதுக்கு ஏன் கவலைப்படுற? நான் கொண்டு போறேன்" என்றார் மாஸ்டர். மறுநாள் போனார். கடந்தார், சந்தேகமில்லை. தங்கை அவரைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

"அக்கா?"

"அக்கா வரல. நான் வந்திருக்கேன்."

வாய்க்குப் பூட்டு விழுந்தது. கெஞ்சினார். அதட்டினார். கடைசியில், "வாயைத் திற! ஒண்ணு! ரெண்டு!" என்று மைதானக் குரலில் போட்டாரே ஒரு சத்தம், அந்தக் கூடத்தில் படுத்திருந்த அத்தனை பேரும் வாயைத் திறந்துவிட்டார்கள், அவளைத் தவிர. தாதிகள் அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டு எல்லாருக்கும் மாத்திரை கொடுத்து முடித்துவிட்டதாகக் கேள்வி.

சாப்பாடு திரும்பி வந்தது. "மறுபடி அளக்கச் சொல்லுங்க" என்றார் சம்பந்தியம்மா.

"அப்ப நாங்க பொய்யா நடந்தோம்னு நானே போய்ச் சொல்லணுமா?"

"நிஜமா நடந்தீங்கன்னு யார் சொன்னா?"

"என் நடை எப்பவும் அதுதான்."

சம்பந்தியம்மா என்னிடம் மட்டும் சொன்னார்: "சம்பந்தி, பூங்காவுக்குப் போய் வந்ததிலிருந்து அந்த முதுகு ஒரு பக்கமாச் சாயுது. முன்னெல்லாம் அரைத் தெரு தூரம் இருக்கும். இப்பக் கால் தெருகூட இல்ல. நான் வேகமா நடக்கலங்கறது எனக்குத் தெரியும்." 

எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அடுத்த வாரியக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன் என்றேன். பொதுமக்கள் உட்கார அங்கே பின்வரிசையில் நாற்காலிகள் உண்டு. அதுவரை ஒரு பொதுமகன்கூட அதில் உட்கார்ந்ததில்லை.

அந்தக் கூட்டம் பொறியாளனுக்கு நன்றி சொல்வதற்காகக் கூட்டியது. குறைத்ததற்கு நன்றி! நானும் சம்பந்தியம்மாவும் முன்னதாகவே போய்விட்டோம், கேரியரோடு. அதற்கும் முன்னதாகவே வாரியம் முழுவதும் வந்து உட்கார்ந்திருந்தது. தான் நடந்து வருவதை மற்றவர் பார்க்கக் கூடாது என்று ஒவ்வொருவரும் மற்றவருக்கு முன்னால் வந்திருந்தார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. சால்வை போர்த்தக்கூட யாரும் எழவில்லை. பொறியாளனை அருகில் வரச் சொல்லி, உட்கார்ந்தபடியே போர்த்தினார் பல் டாக்டர். அது அவன் இடுப்பில்தான் விழுந்தது.

கூட்டம் முடிந்தது. செய்தியம்மா நன்றி வாசித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

பெருக்குகிற அம்மாள் வந்தாள். "எந்திரிங்க சார், பூட்டணும்."

"கொஞ்சம் பேச வேண்டியிருக்கு" என்றார் பல் டாக்டர். அவரும் பேசவில்லை, மற்றவர்களும் பேசவில்லை. மின்விசிறியை அணைத்தாள். வியர்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் மேஜையில் இல்லாத தூசியைத் தட்டினார். "நீங்க முதல்ல போங்க" என்றார் மாஸ்டர். "ஐயையோ, நீங்க முதல்ல" என்றார் டாக்டர். அவ்வளவு மரியாதையை அந்த அறை அதற்கு முன்னால் கண்டிருக்காது.

சம்பந்தியம்மா எழுந்தார். கேரியரைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு காலை வைத்து, பார்த்து, அடுத்த காலை வைத்து, மேஜைவரை போனார்.

"தம்பி, ஒரு கேள்வி. இவங்க நடையை அளந்துதானே பச்சையைக் குறைச்சீங்க?"

"ஆமாம்மா."

"இப்ப ஒரு தடவை நடக்கச் சொல்லுங்க. ரோட்டுக்குக்கூடப் போக வேணாம். இந்த மேஜையைச் சுத்தி."

பல் டாக்டர் கூரையைப் பார்த்தார். அதில் சொத்தை ஏதாவது தெரிந்ததோ என்னவோ. சம்பந்தியம்மா புருஷன் பக்கம் திரும்பினார்.

"ஏங்க. அவ வெறும் சூப்புல உயிரை வச்சிட்டிருக்கா. அதுவும் பாதி தலையணைக்குத்தான் போகுது. இன்னிக்கும் இதை நான் வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போகவா? நீங்களே சொல்லுங்க."

மாஸ்டர் பாட்டிலை எடுத்தார், மூடியைத் திருகினார், வைத்துவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, மனைவிக்குப் பதில் சொல்ல மைக்கை அழுத்தினார்.

"எனக்கு முழங்கால் போச்சு."

அது அறையில், வராந்தாவில், வரி கட்ட நின்ற வரிசையில், எல்லா இடத்திலும் கேட்டது. பிறகு ஒரு மைக் 'டக்' என்றது. "இடுப்பு" என்றார் மேனேஜர். இன்னொரு 'டக்'. பல் டாக்டர் குதிகாலைப் பற்றிச் சொன்னார். கடைசியில் செய்தியம்மா, "எனது கணுக்கால் வீங்கியுள்ளது" என்று தலைப்புச் செய்தியாகவே வாசித்துவிட்டார். இத்தனையும் அந்தப் பூங்காவில் போனவை. பொறியாளன் சால்வையை இறக்கி மடித்து மேஜைமேல் வைத்தான்.

"ரோட்டுக்கே போயிடலாம்மா" என்றான்.

போனோம். சம்பந்தியம்மா முன்னால். அவருக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர், மாஸ்டரைப் பிடித்துக்கொண்டு டாக்டர், டாக்டரைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள். பச்சை எரிந்தது. இறங்கினோம். நாலு தப்படி போவதற்குள் சிவப்பு. லாரிகள் உறுமின. அப்போது மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். பழக்கதோஷம்தான். ஆனால் வண்டிகள் நின்றன. அவர் வாழ்நாளில் ஊதியதில் அந்த ஒன்றுதான் உருப்படியானது. அதற்கும் மூச்சு பாதிவரைதான் இருந்தது. திட்டில் ஏறியதும் தீர்ந்துபோயிற்று.

முதியோர் நல வாரியம் முழுவதும் அந்த ஒடுக்கமான திட்டில் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி நின்றது. இரண்டு பக்கமும் பஸ்கள். பஸ்ஸிலிருந்தவர்கள் கையசைத்தார்கள், பத்திரிகையில் பார்த்த முகங்களாயிற்றே. சம்பந்தியம்மா மட்டும் சொந்த வீட்டில் நிற்பது போல நின்றார்.

"அந்தக் கம்பியைப் பிடிக்காதீங்க டாக்டர், ஆடும். இதைப் பிடிங்க. வெள்ளை பஸ் வந்தா புடவையை இழுத்துக்குங்க, செய்தியம்மா."

"தினமும் இங்கயாம்மா நிப்பீங்க?" என்றான் பொறியாளன். அவன் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"நின்னேன். நீங்க குறைச்சதுக்கப்புறம் இது வரைக்கும் வர முடியறதில்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மாஸ்டர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கேரியரைப் பார்த்தார். "குடு" என்று வாங்கிக்கொண்டார்.

இப்போது அந்தப் பச்சை பொம்மை பழையதைவிட நிதானமாக நடக்கிறது. மாஸ்டர் வாரியத்தின் அடுத்த ஆண்டு விழாவில் இதைப் பற்றிப் பேசினார்: வாரியம் இரண்டு கட்டமாக அறிவியல் முறையில் ஆய்வு நடத்தியதாம். முதல் கட்டம் வேகம், இரண்டாம் கட்டம் நிதானம். கைதட்டினார்கள். அவரையே தலைவராக்கிவிட்டார்கள். கூடத்தில் அந்தப் படம் இன்னும் தொங்குகிறது. நடுத்திட்டுப் படம் எதுவும் இல்லை, நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆனால் மத்தியானத்தில் அந்தச் சாலைப் பக்கம் போனால் நீங்களே பார்க்கலாம். சம்பந்தியம்மா முன்னால் நடக்கிறார். அரைத் தெரு பின்னால், கேரியரைத் தூக்கிக்கொண்டு, அந்த முதுகுக்கு உரியவர் வருகிறார்.

எல்லாரும் திட்டில் நின்று கடந்த அன்று, இல்லத்துக்குள் நானும் கூடப் போயிருந்தேன். தங்கை கட்டிலில் சாய்ந்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் கண் மட்டும் பெரிதாயிற்று. சம்பந்தியம்மா ஸ்பூனை நீட்டினார். தங்கை உதட்டால் தொட்டுப் பார்த்தாள்.

"ஆறிடுச்சு."

"நான் என்னடி பண்றது? உங்க அத்தான் கொண்டு வந்த லட்சணம்."

தங்கை மெல்லத் தலையைத் திருப்பி, கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிய மாஸ்டரை மேலிருந்து கீழே பார்த்தாள். சொல்லைத் தேடினாள். கிடைத்தது.

"ஆமை" என்றாள். வாயைத் திறந்தாள்.